கைப்பிடி சுழற்றும் அவசரகால வானொலி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

அவசரகால வானொலி என்ற பெயரில் விற்கப்படும் கையடக்கப் பெட்டி ஒன்றை வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. செங்கல்லைவிடச் சற்றுச் சிறிய உருவம். முதுகில் மடக்கி வைக்கும் கைப்பிடி, மேற்புறத்தில் சோலார் தகடு, ஒரு முனையில் டார்ச், பக்கவாட்டில் செல்போனுக்கு மின்சாரம் கொடுக்கும் துளை, சிவப்பு நிறத்தில் அபாய ஒலி எழுப்பும் பொத்தான் ஆகியவை இதில் உள்ளன. ஒரே அச்சில் வார்த்த பெட்டி பல பெயர்களில் கடைகளுக்கு வருகிறது என்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இந்த உருவத்தில் எதை வாங்கினாலும் கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

பாட்டுக் கேட்பதற்காக இதை நான் வாங்கவில்லை. மின்சாரமும் செல்போன் கோபுரமும் ஒருசேர அற்றுப்போகும் இரவில், நம் பகுதியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லும் உள்ளூர் வானொலி நிலையத்தின் குரல் என் வீட்டுக்குள் வந்து சேருமா என்பதே நான் இதனிடம் எதிர்பார்த்த ஒரே வேலை. ஆகவே இந்த மதிப்புரையில் பெட்டியைப் பற்றிப் பாதியும், அந்தப் பெட்டிக்குள் பேசும் நிலையத்தைப் பற்றிப் பாதியும் இருக்கும். நிலையத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் வாங்குபவரைத் தவறான நம்பிக்கையில் விட்டதாக ஆகிவிடும்.

முதலில் கைப்பிடியைப் பார்ப்போம், ஏனெனில் விளம்பரம் முழுவதும் அதைச் சுற்றியே இருக்கிறது. மின்கலம் முற்றிலும் தீர்ந்த நிலையில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு சரியாக ஒரு நிமிடம், கை வலிக்காத வேகத்தில் சுழற்றினேன். குறைந்த ஒலியளவில் பண்பலை நிலையம் ஏறத்தாழ ஐந்து நிமிடம் கேட்டது. ஒலியை அறை முழுதும் கேட்குமாறு கூட்டியபோது இரண்டரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஒரு செய்தி அறிவிப்பைக் கேட்டு முடிக்க இது போதும். இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கப் போதாது. உள்ளே இருப்பது 2000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் மின்கலம். அதன் அழுத்தம் 3.7 வோல்ட் என்பதால் முழுக் கொள்ளளவு 7.4 வாட்-மணி. சாதாரணமாகச் சுழற்றும் கை இரண்டு வாட் அளவுக்கு மின்சாரம் தரும் என்று வைத்துக்கொண்டால், இழப்பு எதுவும் இல்லாத கணக்கிலேயே மின்கலம் நிரம்ப நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவிடாமல் சுழற்ற வேண்டியிருக்கும். அப்படி யாராலும் சுழற்ற முடியாது. கைப்பிடியைக் கடைசி வழியாக மட்டுமே எண்ணிக்கொள்ள வேண்டும்.

சோலார் தகட்டின் கதையும் இதுதான். உள்ளங்கையில் பாதியளவுள்ள தகட்டிலிருந்து அரை வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது; நேரடி வெயிலில் பதினைந்து மணி நேரம், அதாவது நல்ல வெயிலுள்ள மூன்று நாட்களாவது வைத்தால்தான் மின்கலம் நிரம்பும். புயலும் பெருமழையும் வரும் நாட்களில் வெயிலே இருக்காது. ஆனால் சன்னலோரத்தில் ஆண்டு முழுவதும் வைத்திருந்தால், சும்மா கிடக்கும்போது மின்கலம் தானாக இறங்குவதை இந்தத் தகடு ஓரளவு ஈடுகட்டுகிறது. அந்த அளவில் அது பயனுள்ளதே.

செல்போனுக்கு மின்சாரம் கொடுக்கும் துளையைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன்: அதைப் பயன்படுத்தாதீர்கள். இன்றைய செல்போன்களில் பலவற்றின் மின்கலம் 18 அல்லது 19 வாட்-மணி கொள்ளளவு உடையது. வானொலியிடம் இருப்பதோ 7.4. முழுவதையும் வடித்துக் கொடுத்தாலும், வழியில் ஆகும் இழப்பு போக, செல்போனில் மூன்றில் ஒரு பங்கு ஏறினாலே அதிகம். கோபுரம் வேலை செய்யாத நேரத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதும் அதிகமில்லை. அதே மின்சாரத்தில் வானொலி இருபது மணி நேரத்துக்கு மேல் பேசும்.

இந்தப் பெட்டிகளின் மூதாதையை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1991-இல் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பார்த்த இங்கிலாந்துக் கண்டுபிடிப்பாளர் டிரெவர் பெய்லிஸ், மின்சாரமும் மின்கலமும் எட்டாத ஊர்களுக்கு நோய்த் தடுப்புச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால் வானொலி தன்னைத்தானே இயக்கிக்கொள்ள வேண்டும் என்று எண்ணினார். ஒரு சிறு டிரான்சிஸ்டர் வானொலி, பொம்மைக் காரின் மோட்டார், இசைப்பெட்டியின் சுருள்வில் பொறி ஆகியவற்றைக் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். முறுக்கிய வில் அவிழும்போது மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் மின்சாரம் தரும். அந்த அமைப்பில் வயதாகிச் சாகும் மின்கலம் என்று ஒன்று கிடையாது. இன்று விற்கும் பெட்டிகளில் வில் இல்லை. சிறு டைனமோ உள்ளிருக்கும் மின்கலத்தை ஏற்றுகிறது. எடையும் ஓசையும் குறைந்தது உண்மைதான், ஆனால் மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துபோனால் கைப்பிடி இருந்தும் பயன் குறைந்துவிடும். இதனால்தான் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, பெட்டியின் பின்புறத்தில் சாதாரண உலர் மின்கலங்களைப் போடும் இடம் இருக்கிறதா என்பதை. என்னுடையதில் மூன்று சிறு மின்கலங்களுக்கு இடம் இருக்கிறது. அவற்றைப் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். உறை பிரிக்காமல் பெட்டியோடு சேர்த்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

அலை வாங்கும் திறனில் இந்தப் பெட்டி என் எதிர்பார்ப்பைவிட நன்றாகவே இருக்கிறது. பண்பலை (எஃப்.எம்.), மத்திய அலை (ஏ.எம்.) ஆகிய இரண்டும் இரண்டு வகையில் நடந்துகொள்வதை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் வருவது. நடுவில் குன்றோ உயரமான கட்டடமோ இருந்தால் தேய்ந்துவிடும். ஆன்டெனாவை முழுதாக இழுத்து, சன்னல் பக்கம் நகர்த்தி, பெட்டியில் ஸ்டீரியோ பொத்தான் இருந்தால் அதை அணைத்துவிட்டால், கரகரவென்று கேட்கும் சிறிய நிலையம்கூடச் சொல் புரியும் அளவுக்குத் தெளிகிறது. மத்திய அலைக்கு அந்த நீட்டு ஆன்டெனா உதவாது. அதற்கான ஆன்டெனா பெட்டிக்குள் படுத்திருக்கும், பெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டு. பெட்டியையே மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் ஒலி ஏறுவதும் இன்னொரு திசையில் அடங்குவதும் தெரியும். சாதாரண நாட்களில் வீட்டிலுள்ள விளக்குகளும் செல்போன் சார்ஜர்களும் மத்திய அலையில் பெரும் இரைச்சலைக் கிளப்புகின்றன. ஊர் முழுக்க மின்சாரம் போன இரவில் அந்த இரைச்சல் அத்தனையும் அடங்கிவிட, அதுவரை கேட்டே இராத நிலையங்கள் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் வந்தன.

அதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரவில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். எங்கோ ஒரு நிலையம் தன் பகுதிக்குச் சொல்லும் வெள்ள எச்சரிக்கையை நம் பகுதிக்கானது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நிலையத்தின் பெயரையும் ஊரையும் காதால் கேட்டு உறுதி செய்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

பெட்டியின் முகப்பில் வானிலை அலை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வெறும் இரைச்சல். பழுது என்று எண்ணிப் பலர் திருப்பி அனுப்பியிருப்பதை வாங்கியவர்களின் குறிப்புகளில் பார்த்தேன். அது பழுதல்ல, அந்தப் பொத்தான் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. அமெரிக்க வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் வானிலையையும் அவசர எச்சரிக்கைகளையும் ஒலிபரப்புகிறது. எச்சரிக்கை வரும்போது 1050 ஹெர்ட்ஸ் ஒலியொன்றை அனுப்பி, அதற்கென்றே செய்த பெட்டிகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பவும் செய்கிறது. அந்த ஒலிபரப்பு இல்லாத நாட்டில் இந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை. அதை ஒரு சிறப்பம்சமாகக் காட்டி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நிலையத்தைத் தேடும் திருகு மிகவும் நுணுக்கமானது. விரல் நடுங்கினாலே முள் தாண்டிவிடுகிறது. இருட்டில், பதற்றத்தில், வயதானவர் ஒருவர் இதைத் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்துவார் என்று நம்ப முடியாது. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய கானல்ராட் என்ற எச்சரிக்கை ஏற்பாட்டில் இதற்கு எளிய விடை கண்டிருந்தார்கள். அவசர காலத்தில் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே ஒலிபரப்பு நடக்கும் என்று வகுத்து, 1953 முதல் 1963 வரை அங்கே விற்ற வானொலிப் பெட்டிகளின் முகப்பில் அவ்விரு எண்களுக்கு நேரே சிறு முக்கோணக் குறி இருக்க வேண்டும் என்று சட்டமே செய்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் மெல்லிய துண்டு ஒன்றை வெட்டி, எங்கள் பகுதி நிலையத்தின் அலைவரிசைக்கு நேரே முகப்பில் ஒட்டினேன். அதன் சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்படுவதால் இருட்டிலும் முள் நிற்க வேண்டிய இடம் தெரிகிறது. எண்களால் நிலையத்தைத் தேடி நினைவில் வைத்துக்கொள்ளும் பெட்டியும் கிடைக்கிறது. வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம். ஆனால் மின்கலம் முற்றிலும் வற்றினால் நினைவு அழிந்துவிடும் வகைகள் உண்டு என்பதால், அலைவரிசை எண்ணைப் பெட்டியின் அடியில் அழியாத மையில் எழுதி வைப்பது நல்லது.

இந்த ஓராண்டில் பெட்டி உண்மையாகவே தேவைப்பட்டது ஒரே ஓர் இரவில்தான். மூன்றாவது நாளாக மழை நிற்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டரை மணியளவில் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் எதுவும் இல்லாமல் போனது. பெட்டியை எடுத்தேன். நான்கு மாதமாக அதை ஏற்றி வைக்காதது என் தவறு. முக்கால் மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்து, அதன் பிறகு சுழற்றிச் சுழற்றித்தான் கேட்டோம். முதலில் எங்கள் பகுதியில் எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் பெரிய நிலையத்தைப் பிடித்தேன். ஒலி துல்லியமாக வந்தது. ஆனால் பாடலுக்குப் பின் பாடலும், பகலில் பதிவு செய்த அதே உற்சாகக் குரலுமே வந்துகொண்டிருந்தன. வெளியே தெருவில் தண்ணீர் ஏறுவது என் காதில் கேட்கிறது. அந்த நிலையத்துக்கு மழை பெய்வதே தெரியவில்லை. கணினியை ஓட விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முள்ளை நகர்த்தியபோது, நான் அதுவரை ஒருமுறைகூடக் கேட்டிராத சிறிய சமுதாய வானொலி நிலையம் ஒன்று கரகரப்புக்கு நடுவே கிடைத்தது. ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். குரலில் களைப்பு இருந்தது, அவசரம் இல்லை. “இப்போது மணி ஒன்று பத்து. தடுப்பணையின் இரண்டாவது மதகைத் திறந்துவிட்டார்கள். பழைய பாலத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கும் தெருக்காரர்கள் இப்போதே கிளம்பி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். பாலத்தின் மேல் ஏற வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் வாருங்கள், அங்கே இன்னும் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது.” இதையே நிறுத்தி நிதானமாக இரண்டாம் முறையும் சொன்னார். என் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மா, “தம்பி, நம்ம தெருவையா சொல்றாங்க?” என்று கேட்டார். “ஆமாம்மா, நம்ம தெருதான்” என்றேன். வேறு பேச்சில்லாமல் எழுந்து மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். மாலை முழுவதும் தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி செல்போனுக்கு வந்த குறுஞ்செய்திகள் அவரை அசைக்கவில்லை. தம் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த இரவுக்குப் பிறகு இதே போன்ற நிகழ்வுகளைத் தேடிப் படித்தேன். 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை 9.2 அளவிலான நிலநடுக்கம் நான்கு நிமிடத்துக்கு மேல் உலுக்கியபோது, ஆங்கரேஜ் நகரில் கே.இ.என்.ஐ. என்ற உள்ளூர் நிலையத்தின் செய்தியாளர் ஜீனி சான்ஸ் அன்றிரவே ஒலிபரப்பில் அமர்ந்தார். அடுத்த நாட்களில் அவர் வாசித்தவற்றில் பெரும்பகுதி பெரிய செய்திகள் அல்ல. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், இன்னார் பிழைத்திருக்கிறார், இன்னாரை அவர் குடும்பத்தார் இன்ன இடத்தில் தேடுகிறார்கள் என்பன போன்ற சிறு சிறு குறிப்புகள். தொலைபேசி அறுந்த நகரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேறு வழி இருக்கவில்லை. 2002 ஜனவரி 18 அன்று நடந்தது இதற்கு நேர் எதிரானது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகருக்கு அருகே பின்னிரவில் சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா மேகம் நகரை மூடியது. காவல்துறையால் உடனடியாக வானொலியில் எச்சரிக்கை கொடுக்க முடியவில்லை. அவசரகால எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை, நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் ஆள் கிடைக்கவில்லை. தவறு யாருடையது என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. வீட்டில் வானொலியைத் திருப்பிக் காத்திருந்தவர்களுக்கு அந்த வாதத்தால் ஆன பயன் எதுவுமில்லை. அவர்கள் கையில் எவ்வளவு நல்ல பெட்டி இருந்திருந்தாலும் நிலைமை மாறியிருக்காது.

சொல்லும் சொல்லைப் பற்றியும் யோசித்தேன். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்குவதற்கு முன், கடல் ஏழு மீட்டர் வரை எழக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரித்தே இருந்தது. ஆனால் அதைக் குறிக்கப் பயன்படுத்திய ஆங்கிலத் தொழில்நுட்பச் சொல் பலருக்குப் பிடிபடவில்லை. சுனாமி போல அலை வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று டாக்லோபான் நகரில் உயிர்தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரழிவில் எச்சரிக்கை வந்து சேர்ந்தும் புரியாமல் போனது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. வானிலை அறிக்கையின் சொல்லை எடுத்து, அதைத் தெருப்பெயராகவும் பாலத்தின் பெயராகவும் மாற்றிச் சொல்ல உள்ளூரை அறிந்த ஒருவர் ஒலிவாங்கியின் முன் இருக்க வேண்டும்.

மொழியும் அப்படித்தான். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, நாகாதா பகுதியில் வாழ்ந்த கொரியர்களுக்காக முதலிலும் வியட்நாமியர் முதலானோருக்காகப் பிறகும் அவரவர் மொழியில் சிறு வானொலி ஒலிபரப்புகள் தொடங்கின. 1923-இல் காண்டோ நிலநடுக்கத்தின்போது கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி பரவி, அப்பாவிகள் படுகொலை செய்யப்பட்ட வரலாறு அந்த மக்களின் நினைவில் இருந்தது. பேரிடர் நேரத்தில் வதந்தியை அடக்குவதும் எச்சரிக்கை கொடுப்பதைப் போலவே உயிர் காக்கும் வேலை. ஜப்பான் அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. 2011 மார்ச்சில் கிழக்குக் கடற்கரையைச் சுனாமி விழுங்கிய பிறகு, உள்ளாட்சி அமைப்புகள் தொலைபேசியில் கேட்டே உரிமம் பெற்று, சுமார் 30 தற்காலிகப் பேரிடர் வானொலி நிலையங்களை அமைத்தன. தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு எங்கே வரும் என்பதிலிருந்து முகாம்களில் இருப்போரின் பெயர்கள் வரை அவை வாசித்தன. சில நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறிய நிலையத்துக்கு நேரில் போனேன். பெட்டியை மதிப்பிட்டதைப் போலவே அதையும் மதிப்பிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு அறைகள், ஒன்றின் சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டி எதிரொலியைக் குறைத்திருக்கிறார்கள். ஒலிபரப்புக் கருவி 50 வாட் திறன் உடையது. ஜெனரேட்டரும் கருவியும் மாடியில் இருக்கின்றன. தரைத்தளத்தில் வைத்திருந்தால் அன்றிரவு இரண்டுமே முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றிருக்கும். தொலைபேசிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். பகுதியின் ஒவ்வொரு தெருவும் அதில் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்த அளவு மழைக்குத் தண்ணீர் நுழையும், தனியாக வாழும் முதியவர்கள் எந்தத் தெருவில் அதிகம், எந்தச் சாலை கடைசிவரை மூழ்காது என்று ஒவ்வோர் ஆண்டு மழைக்குப் பிறகும் பென்சிலால் திருத்துகிறார்கள். அன்றிரவு அந்தப் பெண் அறிவிப்பாளர் தெருத்தெருவாகச் சொன்னது இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

அணை உடைந்துவிட்டது என்ற பொய்ச்செய்தி அதிகாலை மூன்று மணிக்குப் பரவியதையும் அவர்கள் சொன்னார்கள். பயந்தவர்கள் நேரே நிலையத்தின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அணையில் பணியில் இருந்த அலுவலரோடு ஒயர்லெஸ் மூலம் பேசி, உடையவில்லை என்பதை உறுதி செய்து, அவர் பெயரையும் நேரத்தையும் சொல்லி ஒலிபரப்பினார்கள். உறுதி செய்ய ஆன இருபது நிமிடமும், “விசாரித்துக்கொண்டிருக்கிறோம், யாரும் ஓட வேண்டாம், அடுத்த அறிவிப்பு மூன்று இருபதுக்கு” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு என்று சொல்வது கைப்பிடி சுழற்றிக் கேட்பவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களிடம் சொன்னேன். அதுவரை அணைத்து வைத்து மின்கலத்தைக் காக்கலாம் அல்லவா?

அந்த நிலையத்துக்கும் குறைகள் உண்டு. அலை சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடுகிறது. குன்றுக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புக்கு அது எட்டவே இல்லை. ஜெனரேட்டருக்கான எரிபொருள் ஒன்றரை நாளுக்கு மேல் இருப்பில் இல்லை. இரவில் பேசத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அன்று அவர்களில் ஒருவர் வெள்ளத்தில் சிக்கி வர முடியவில்லை. இவை யாவும் பணமும் ஆளும் சேர்ந்தால் தீரக்கூடியவை. பெரிய நிலையத்திடமோ பணமும் ஆளும் இருந்தன.

மீண்டும் பெட்டிக்கு வருகிறேன். இதன் பெரிய குறை, அணைத்து வைத்திருக்கும்போது காது கேளாதது. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தாலும் நாம் விழித்து எழுந்து போட்டால்தான் பேசும். ஜப்பானில் 1985 முதல் நடைமுறையில் உள்ள அவசர எச்சரிக்கை ஒலிபரப்பில், நிலையம் அனுப்பும் குறியொலி அதற்கேற்ற வானொலிகளைத் தானாகவே இயங்கச் செய்கிறது. மற்ற நாடுகளில் விற்கும் மலிவான பெட்டிகளிலும் இந்த வசதி வர வேண்டும். சிவப்புப் பொத்தானுக்கும் செல்போன் துளைக்கும் செலவிடும் அக்கறையை இதில் காட்டியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். இப்போதைக்கு, மழை எச்சரிக்கை உள்ள இரவுகளில் நாங்கள் மூன்று வீட்டார் முறைவைத்து மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கேட்கிறோம்.

டார்ச் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எரியவிட்டால் மத்திய அலையில் இரைச்சல் ஏறுகிறது, சுழற்றும்போதும் அப்படியே. கேட்கும் நேரத்தில் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். அபாய ஒலிப் பொத்தான் உரக்கவே கத்துகிறது, ஆனால் பைக்குள் தற்செயலாக அழுந்திவிடுகிறது. கைப்பிடியின் கீல் ஓராண்டுக்குள் சற்று ஆட்டம் கண்டிருக்கிறது. வேகமாகச் சுழற்றும் குழந்தைகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் தெறித்தால் தாங்கும், மூழ்கினால் தாங்காது என்பதால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன். பைக்குள் இருந்தபடியே ஒலி நன்றாகக் கேட்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வீட்டில் ஏற்கெனவே உலர் மின்கலத்தில் ஓடும் பழைய வானொலி இருந்தால் இதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய மின்கலங்கள் இரண்டு இணை வாங்கி வைத்தாலே இதைவிட நீண்ட நேரம் கேட்கலாம். எதுவும் இல்லாதவர்கள், உலர் மின்கல இடம் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றி வையுங்கள். வாங்கிய வாரத்திலேயே ஓர் இரவு ஒரு மணிக்கு எழுந்து, உங்கள் பகுதியில் எட்டும் நிலையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். எதில் அந்த நேரத்தில் ஆள் இருக்கிறார், எதில் கணினி மட்டும் ஓடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். இரவில் நேரடி ஒலிபரப்பு இல்லாத சிறிய நிலையமாக இருந்தால், புயல் மழை நாளில் யார் வந்து திறப்பார் என்று பகலில் தொலைபேசியில் கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அடுத்த வீட்டு அம்மாவுக்கு இதே பெட்டியில் இன்னொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். திருகு அவர் விரலுக்கு நுணுக்கமாக இருப்பதால், முள்ளைச் சிறிய நிலையத்தில் நிறுத்தி அதன் மேல் பிளாஸ்திரியைச் சுற்றி அசையாமல் ஒட்டிவிட்டேன். போடுவதற்கும் அணைப்பதற்குமான பொத்தான் ஒன்றை மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும். நேற்று மாலை அதில் அந்தப் பெண் அறிவிப்பாளர், இந்த ஆண்டு மழைக்கு முன் தெருப் புத்தகத்தைத் திருத்த வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் நிலையத்துக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போகிறோம்.